ஈயக்காசும் ஒரு கூறு கொய்யாவும்

கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கிறீங்களாம்மா? இல்லல்ல, ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்த ஓரம் போதும். நான் மேலூர்ல இறங்கினாலும் இறங்கிடுவேன். டிக்கெட் என்னமோ மதுரைக்குத்தான் எடுத்திருக்கு. ஆனா இறங்குறதும் இறங்காததும் அந்தா, மூணு சீட்டுக்கு முன்னால பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு, மடியில பையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரு கையிலதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு. அவரு பக்கத்துல இடம் இருந்துச்சு. நான்தான் உக்காரலை. ஒரு பொய்யர் பக்கத்துல உக்காந்து மதுரை வரைக்கும் போக என்னால ஆகாது.

மேலூர்ல என் தங்கச்சி வீடு இருக்கு. பஸ்சு அங்க நிக்கிறதுக்குள்ள இவரு எங்கிட்ட வந்து, 'நான் சொன்னதுதான் பொய், நீ சொன்னதுதான் நெசம்'னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா வீட்டுக்குப் போவேன். சொல்லலைன்னா தங்கச்சி வீடு. திருச்சியில ஏறும்போதே சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டினாரு. எதுக்குச் சரின்னாருன்னு தெரியல. எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆட்டுவாரு.

உங்களுக்குப் பழைய காசு சேக்குற ஆளுங்க யாரையாச்சும் தெரியுமா? தெரியாதா? நல்லது. தெரியாமலே இருங்க. தரங்கம்பாடியில அந்தக் காலத்துல டென்மார்க்காரன் வந்து கோட்டை கட்டி யாவாரம் பண்ணானாம்ல, அவன் அடிச்ச காசுதான் இவருக்கு உசிரு. மின்சார வாரியத்துல பில் வாங்குற கவுண்டர்ல உக்காந்து வாழ்நாளெல்லாம் ஊரான் காசை எண்ணிப் போட்டவரு. ரிட்டையர் ஆகி வந்தும் காசைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் ஒவ்வொண்ணும். ஒரு பக்கம் ராஜா பேரோட எழுத்து பின்னிக்கிட்டுக் கிடக்கும். இன்னொரு பக்கம் ஒரு மண்ணும் தெரியாது. அந்த ஒண்ணும் தெரியாத பக்கத்தைத்தான் லென்சை வச்சு ரொம்ப நேரம் பாப்பாரு.

இதுக்கெல்லாம் இப்பக் கடைக்குப் போக வேண்டியதில்லம்மா. போன்லயே குரூப்பு இருக்கு. யாவாரி காலையில படம் எடுத்துப் போட்டு, கீழ விலையைப் போடுவான். யாரு முதல்ல 'எடுத்துக்கிறேன்'னு போடுறாங்களோ அவங்களுக்குத்தான் காசு. போட்டுட்டா போட்டதுதான், பின்வாங்கக் கூடாதாம். பணத்தைப் பேங்குல கட்டிட்டா பொருள் கூரியர்ல வந்துரும். இவரு என்ன பண்ணியிருக்காரு? யாவாரி என்ன விலை போடுறானோ அந்த விலைக்கே 'எடுத்துக்கிறேன், எடுத்துக்கிறேன்'னு போட்டுக்கிட்டே இருந்திருக்காரு. ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது வாய் தவறிச் சொல்லிட்டாரு, ஒத்தைக் காசு மூவாயிரம்னு.

அடியாத்தீ! மூவாயிரம் போனாப் போகட்டும்மா. குறைச்சுக் கேக்கவே இல்லையே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேன்னு உக்காந்து அழுதேன். அதுக்கு இவரு, "அவரு சரியான விலைதான் போட்டிருக்காரு திலகா"ங்குறாரு. யாவாரி சொல்ற விலை எப்படிம்மா சரியான விலையாகும்? அது அவன் சொல்ற விலை. நாம சொல்ற விலைன்னு ஒண்ணு இருக்குல்ல?

என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. மதுரையில எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. யாரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தாலும், பாத்திரம் எடுத்தாலும், "திலகா அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போங்க"ம்பாங்க. நான் பெருசாப் படிக்கலை. வாக்கப்பட்டு வந்த வீட்டுல எல்லாரும் உத்தியோகம் பாக்குறவங்க. மாமியார், நாத்தனார் எல்லாம் டீச்சரு. ஒருத்தரும் எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. சாப்பாடு ஆச்சான்னு கேப்பாங்க, அம்புட்டுத்தான். ஒருநாள் பொங்கலுக்கு முந்தி, காய் வாங்கக் காசு பத்தாதுன்னு மாமியார் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. அந்தக் காசை வாங்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். இவரும் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்தாரு. ரெண்டு பை நிறைய வாங்கிட்டு வந்தேன். மாமனார் பையை எட்டிப் பாத்துட்டு, "திலகவதி, நீ பொல்லாத ஆளும்மா"ன்னாரு. அந்த வீட்டுல என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டது அன்னைக்குத்தான்.

எங்கிட்ட இருக்குறது அது ஒண்ணுதாம்மா. நகை கிடையாது, சம்பளம் கிடையாது. என் வாய்தான். அதுல ஒரு குறை சொல்ல விட மாட்டேன்.

பேரத்துக்கு ஒரு முறை இருக்கு, சொல்றேன், வச்சுக்குங்க. முதல் விலையைக் கேட்டதும் சிரிக்கணும். கோவப்படக் கூடாது. அப்புறம் நம்ம விலையைச் சொல்லிட்டு நடக்கணும். கூப்பிடுவான். கூப்பிட்டதும் போயிடக் கூடாது, ரெண்டாந்தடவை கூப்பிடணும். அப்புறம் வாங்கினதும் திரும்பியே பாக்காம வந்துரணும். இதுதான் முக்கியம். திரும்பிப் பாத்தா அவன் மனசு மாறிடும். நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு கடையையும் திரும்பிப் பாத்ததில்ல. இவரு அப்படியில்ல. எல்லாக் கடையிலயும் எதையாச்சும் மறந்து வச்சுட்டு வந்துருவாரு. பாத்திரக் கடையில குடை. துணிக் கடையில கண்ணாடிக் கூடு. பாதி வழியில, "நீ போய்க்கிட்டே இரு திலகா, எடுத்துட்டு வந்துர்றேன்"னு மறுபடி ஓடுவாரு. ஞாபக மறதி. கல்யாணமான புதுசுலயே அப்படித்தான்.

சரி, காசுக் கதைக்கு வர்றேன். அழுது முடிச்சுட்டு இவருகிட்டச் சொன்னேன், இனிமே காசு வாங்குறதா இருந்தா நான்தான் பேசுவேன், போனைக் குடுங்கன்னேன். ரெண்டு நாள் யோசிச்சாரு. சாப்பிடக்கூட மனசில்லாமத் திரிஞ்சாரு. மூணாவது நாள் போனை நீட்டிட்டாரு.

அந்த யாவாரி பேரு தேவநேசன். தரங்கம்பாடிக்காரரு. நல்ல மாதிரிதான், மரியாதையாப் பேசுவாரு, ஆனா யாவாரின்னா யாவாரிதான. எனக்கு டைப்பு அடிக்க வராது. அமுக்கிப் பிடிச்சுப் பேசி அனுப்பிருவேன். முதல் காசுக்கு ரெண்டாயிரம் போட்டிருந்தாரு. "தம்பி, இதுல எழுத்தே தெரியலையே"ன்னேன். "அம்மா, முந்நூறு வருஷத்துக் காசும்மா"ன்னாரு. "அப்பப் பழசுதான? பழசுன்னா விலை குறையணுமா, கூடணுமா? எங்க வீட்டுப் பழைய பாத்திரத்தைப் போடப் போனா பாதி விலைகூடத் தர மாட்டேங்குறான்"னேன். நான் விடுவேனா? "செம்பு கிலோ என்ன விலைன்னு எங்களுக்கும் தெரியும் தம்பி"ன்னு இன்னொண்ணு அனுப்பினேன். கடைசியா நானூறுன்னேன்.

இவருக்கு நான் பேரம் பேசுறதைக் காது குடுத்துக் கேக்கப் பொறுக்காது. நான் போனை எடுத்ததும் அவரோட பழைய பட்டன் போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருவாரு, துணி எடுக்க. காயாத துணியையும் சேத்து எடுத்துட்டு வந்துருவாரு. அப்பவும் மேல போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல 'டிங்'குன்னுச்சு. "சரிம்மா, நானூறுக்கே எடுத்துக்குங்க"ன்னு தேவநேசன் போட்டிருந்தாரு. ரெண்டாயிரம் போட்ட காசும்மா! நான் அடுப்படியில நின்னு சத்தமாச் சிரிச்சேன். இவரு ஈரத்துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, "என்ன, முடிஞ்சுதா?"ன்னாரு. முகத்துல ஒரு சந்தோசமும் இல்ல. பொண்டாட்டி சாமர்த்தியத்தைப் பாராட்டணும்னு ஒரு ஆம்பளைக்குத் தோணாதா?

அப்புறம் பிடிச்சுக்கிட்டேன். வாரத்துக்கு ஒண்ணு. ஆயிரத்தைந்நூறா, முந்நூறு. ஐயாயிரமா, அறுநூறு. தேவநேசனுக்கு என் பேரைக் கேட்டாலே ஒரு பயம் வந்துருச்சுன்னு வச்சுக்குங்க. 'வணக்கம்மா'ன்னு போட்டதுமே நான் விலையைச் சொல்லிருவேன். மூச்சு விடாம ஒத்துக்குவாரு. இவரு பெட்டி நிறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

இதுல இவரு பண்ண கூத்து என்ன தெரியுமா? நான் இப்படி மிச்சம் பிடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன், இவரு சாயங்காலம் ஒரு இரும்புக் கடையில போய்க் கல்லாவுல உக்கார ஆரம்பிச்சுட்டாரு. இந்த வயசுல! சம்பளம் என்னன்னு கேட்டா, "சம்பளமெல்லாம் இல்ல, பொழுது போகணும்ல, டீ வாங்கித் தர்றாங்க"ங்குறாரு. டீக்கு வேலை பாக்குறாரும்மா. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு, பாவமா இருக்கும், தைலம் தேச்சு விடுவேன். நானே போய் அந்த இரும்புக் கடைக்காரன்கிட்டப் பேசுறேன்னு சொன்னேன். வேணவே வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. இப்படி ஒரு ஏமாளியைக் கட்டிக்கிட்டு நான் எப்படிக் குடும்பத்தைக் கரை சேத்தேன்னு நெனைச்சா எனக்கே ஆச்சரியம்.

அந்தச் சமயத்துலதான் ஈயக்காசு வந்துச்சு. டென்மார்க்காரன் மொதமொதல்ல வந்தப்ப ஈயத்துலதான் காசு அடிச்சானாம். ஈயம் சீக்கிரம் பொடிஞ்சு போயிருமாம், அதனால கிடைக்கிறதே இல்லையாம். இவரு சேக்க ஆரம்பிச்ச நாள்லருந்து தேடுறது அதைத்தான். தேவநேசன் படம் போட்டதும் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பாக்க அசிங்கமா, கருவாட்டுத் துண்டு மாதிரி இருந்துச்சும்மா. விலை ஒன்பதாயிரம்.

நான் எண்ணூறுன்னேன்.

தேவநேசன் ஒத்துக்கலை. முதல் தடவையா ஒத்துக்கலை. இவரு மாடிக்குப் போயிட்டு வந்தாரு, அப்பவும் ஒத்துக்கலை. "அம்மா, இது மட்டும் கொஞ்ச நாள் ஆகட்டும்மா. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், எடுத்து வச்சிருக்கேன்"ன்னு போட்டாரு. மாசக் கணக்கா இழுத்துச்சு. அப்பத்தான் திருச்சியில ஒரு கல்யாண மண்டபத்துல காசுக் கண்காட்சின்னு சேதி வந்துச்சு. தேவநேசனும் கடை போடுறாராம். நேர்ல போய்ப் பேசினா முடிச்சுரலாம்னு நான் கிளம்பினேன். இவரு வயித்த வலிங்குறாரு, பஸ்சு கிடைக்காதுங்குறாரு, வெயில்ங்குறாரு. நான் கேக்கலை. மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கிட்டு இழுத்துட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில போனோம். தேவநேசன் என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நாற்காலி போட்டாரு. டீ வரவழைச்சாரு. நல்ல மனுஷன்தான், இல்லைங்கலை. பக்கத்துல ஒருத்தரு, காலேஜ் வாத்தியார் மாதிரி இருந்தாரு, ஒரு காசை எடுத்து லென்சுல பாத்துட்டு ரெண்டாயிரத்து எண்ணூறை எண்ணி நீட்டுறாரு. பாக்குறேன், அதே காசு! எங்க வீட்டுப் பெட்டியில இருக்குற அதே மாதிரி! எனக்கு மனசு கேக்குமா? "ஐயோ சார், இதுக்கா இம்புட்டு? நான் இவருகிட்டயே ஐந்நூறுக்கு வாங்கினேனே"ன்னேன். அவரு நம்பல. நான் ஒவ்வொரு காசா விலை சொன்னேன். இது முந்நூறு, அது அறுநூறு, அந்த ஓரத்துல இருக்குறது நானூறு.

கூட்டம் கூடிருச்சும்மா. போன மாசம் அதே காசை முழு விலைக்கு வாங்கினவரு ஒருத்தரு, "அந்தம்மாவுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா? பணத்தைத் திருப்பிக் குடுய்யா"ன்னு மேசையைத் தட்டுறாரு. இன்னொருத்தன் போனை எடுத்து, குரூப்புல போட்டு உன் யாவாரத்தையே காலி பண்றேங்குறான். தேவநேசனுக்கு வேர்த்து ஊத்துது. அந்தம்மா சொல்றது பொய்னு ஒரு வார்த்தை அவரு சொல்லலம்மா. சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரு. எங்க வீட்டுக்காரரை மட்டும் பாத்தாரு.

அப்பத்தான் இவரு முன்னால வந்தாரு. வீட்டுல உப்பு வேணும்னாக்கூடச் சத்தமாக் கேக்காத மனுஷன், மண்டபமே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னாரு. "அவரு யாரையும் ஏமாத்தலை. என் சம்சாரம் சொல்ற விலை தப்பு. எல்லாக் காசுக்கும் முழு விலை குடுத்தாச்சு. நான்தான் குடுத்தேன்."

கேட்டீங்களா? இவரு குடுத்தாராம்! இவருக்குப் போன்ல பணம் அனுப்பவே தெரியாதும்மா. முந்நூறும் நானூறும் அனுப்பினது பூரா இந்தக் கை.

யாரோ சிரிச்சாங்க. "வீட்டம்மாவுக்கு ஒரு விலை சொல்லி வச்சிருக்காரு போல"ன்னு ஒருத்தன் சொன்னான், அதுக்கும் சிரிச்சாங்க. அம்புட்டுப் பேரு முன்னாலம்மா. பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு நான் பொய்க்காரியா நிக்கிறேன். ஒரு யாவாரிக்காக, கட்டின பொண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்கிட்டாரும்மா இவரு. எனக்கு அப்படியே அழுகை வந்துச்சு. அங்க அழல. விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன்.

தேவநேசன் வாசலுக்கு ஓடி வந்தாரு. கையில சின்னப் பிளாஸ்டிக் உறை. "அம்மா, மன்னிச்சுக்குங்க, நீங்க கேட்ட எண்ணூறுக்கே ஈயக்காசை எடுத்துக்குங்க"ன்னாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எழுநூறு"ன்னேன். அவமானப்படுத்தினதுக்கு நூறு குறைக்க வேண்டாமா? தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குடுத்துட்டாரு. ஒன்பதாயிரம் ரூபாக் காசு! நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. நான் சொன்ன விலையெல்லாம் பொய்யின்னா, அந்தாளு எழுநூறுக்கு எப்படிக் குடுப்பாரு? இதைவிட என்ன சாட்சி வேணும்?

இவரா? இவரு அப்ப அங்க இல்ல. குடையை உள்ள வச்சுட்டாராம், எடுக்கப் போயிட்டாரு.

காசு இந்தா, என் பர்சுலதான் இருக்கு. அவருகிட்ட இன்னும் காட்டல. மேலூருக்குள்ள அந்த வார்த்தை வந்தா குடுப்பேன். வரலேன்னா காசும் என்கூடத் தங்கச்சி வீட்டுக்கு வருது.

கண்டக்டர் என்ன சொல்றாரு? மேலூரா? பத்து நிமிஷம் நிக்குமா? அதுக்குள்ளயா வந்துருச்சு? சரி, என் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா.

இருங்க, இருங்க. எந்திரிச்சு வர்றாரு. நீங்க அங்கிட்டுப் பாருங்க, கேக்காத மாதிரி.

என்ன? என்ன சொல்றீங்க? காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க. மண்டபத்துல சொல்லத் தெரிஞ்சுதுல்ல, அதே சத்தம் வேணும். இந்தம்மாவுக்குக் கேக்கணும்.

ம். எது பொய்? நீங்க சொன்னதா? யாரு சொன்னது நெசம்? ம்.

கேட்டுச்சாம்மா உங்களுக்கு? கேட்டுச்சுல்ல? கண்டக்டரும் கேட்டாரு. எனக்கு இது போதும். இந்தாங்க, பிடிங்க உங்க ஈயக்காசை. எழுநூறு ரூபா. சொன்னதுக்கும் நூறு கம்மி. அட, எதுக்கு இப்ப கண்ணு கலங்குது? ஒரு ஈயத்துண்டைப் பாத்து யாராச்சும் அழுவாங்களா? என்னை எதுக்குப் பாக்குறீங்க, காசைப் பாருங்க. அழுக்குத் துண்டால கண்ணைத் துடைக்காதீங்க, இந்தா என் கைக்குட்டை.

கொய்யாவா? ஏம்மா, ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க. இந்தாம்மா கொய்யா, கூறு என்ன விலை? அறுபதா? ஹஹ்ஹா. இருபத்தஞ்சுக்குத் தர்றியா? கட்டாதா? அப்பச் சரி, வேணாம். கூப்பிடுவா பாருங்க. அவ ஏன் என் தோளுக்குப் பின்னால பாக்குறா? இந்தா, கூப்பிட்டுட்டா. இன்னொரு தடவை கூப்பிடட்டும். ம், குடு. காயா இல்லாமப் பாத்துப் போடு. பாத்தீங்களா? அறுபது சொன்னதை!

என்னங்க, நீங்க எங்க இறங்குறீங்க? தண்ணியா? பாட்டில்ல பாதி இருக்கே. சரி, போயிட்டு வாங்க, பஸ்சு எடுத்துறப் போறான்.

என்னம்மா வெளிய அப்படிப் பாக்குறீங்க? அந்தக் கொய்யாக்காரிகிட்ட நிக்கிறாரா? நின்னா நிக்கட்டும். வீட்டுல வாயைத் திறக்காத மனுஷன், யாவாரிங்கன்னா மட்டும் ஏதாச்சும் பேசிக்கிட்டு நிப்பாரு. அவ கும்பிடுறாளா? கும்பிடட்டும், வயசுல பெரியவருதான. நான் பாக்க மாட்டேன்மா. வாங்கினப்புறம் திரும்பிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது.

நீங்க ஏன் இப்ப கண்ணைத் துடைக்கிறீங்க? தூசியா? ஜன்னலைச் சாத்துங்க. இந்தாங்க, ஒரு கொய்யா எடுத்துக்குங்க. சும்மா எடுத்துக்குங்கம்மா. எல்லாம் மலிவா வந்ததுதான்.